மாநாட்டுக்குக் கட்டுரை தேர்வான பிறகு: நல்கை, விசா, பில்

ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கனில், ஒரு நாட்டில் நடந்த ஆப்பிரிக்கவியல் மாநாட்டில் கட்டுரை வாசித்தாகிவிட்டது. செலவான பணமும் ஒருவழியாகக் கணக்கில் ஏறிவிட்டது. முழுசாக ஏறவில்லை, அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஆப்பிரிக்க வரலாறு, ஆப்பிரிக்க அரசியல் என்று ஆய்வு செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். எந்த மேசையில் எந்தத் தாளைக் கேட்பார்கள் என்று சொல்லித்தர, முன்னால் போய் வந்த சீனியர் யாரும் துறையில் இருக்கமாட்டார்கள். அடுத்து விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மாநாடுகளின் சுற்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐரோப்பாவின் ஆப்பிரிக்கவியல் மாநாடான ஈகாஸ் ஒற்றைப்படை ஆண்டுகளில் வருகிறது (2023இல் கொலோன், 2025இல் பிராக்). பிரிட்டனின் ஆப்பிரிக்கவியல் சங்கமான ஏஎஸ்ஏயூகே, ஜெர்மனியின் சங்கமான விஏடி இரண்டும் மாநாடு நடத்துவது இரட்டைப்படை ஆண்டுகளில். அமெரிக்கச் சங்கமான ஏஎஸ்ஏவின் மாநாடு ஆண்டுதோறும் நடக்கிறது. ஆனால் இந்தியாவில் அமெரிக்க விசா நேர்காணலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால், கட்டுரை தேர்வாகியும் போகமுடியாமல் நின்றவர்கள் உண்டு. முதல் மாநாட்டுக்கு ஐரோப்பாவைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து.

கட்டுரைச் சுருக்கம் அனுப்புவதில் சிக்கல் எதுவும் இல்லை. ஈகாஸ் போன்ற மாநாடுகளின் படிவம் இரண்டு சுருக்கம் கேட்கும். ஒன்று 300 எழுத்துக்குள், மற்றது 250 சொல்லுக்குள். இந்த 300 என்பது சொல் கணக்கு இல்லை, இடைவெளியும் சேர்ந்த எழுத்துக் கணக்கு. அமர்வு அமைப்பாளர் முதலில் படிப்பது அதைத்தான். கோட்பாட்டை விட்டுவிட்டு, எந்த ஆவணத்தை வைத்து என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை அதில் எழுதுங்கள். ஒருவருக்கு ஒரு கட்டுரைதான் என்ற விதி இருப்பதால், எந்த அமர்வு பொருந்தும் என்று அமைப்பாளருக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்பது நல்லது. ஜூனில் மாநாடு என்றால் சுருக்கம் அனுப்பும் கெடு பெரும்பாலும் முந்தைய ஆண்டின் கடைசியிலேயே முடிந்துவிடும்.

தலைவலி பணத்தில்தான் தொடங்குகிறது. இந்தத் துறையின் பயண நல்கைகளில் (மாநாட்டுக்குப் போகத் தரும் நிதியுதவி) பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் வேலை செய்யும் ஆய்வாளர்களுக்கானது. அது சரியான ஏற்பாடு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1973இல் டாக்காரில் தொடங்கிய, ஆப்பிரிக்கச் சமூக அறிவியல் ஆய்வுக்கான அமைப்பான கோடெஸ்ரியா இருப்பதே அவர்களுக்காக. இன்னொரு பக்கம், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் உள்நல்கை அவர்களுடைய மாணவர்களுக்கே போகும். இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்காவை ஆராய்கிறவர் இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கிறார். 'தெற்குலக ஆய்வாளர்களுக்கு' (வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்கு) என்று அறிவிப்பில் இருந்தாலும், தகுதிப் பத்தியை வரிவரியாகப் படியுங்கள். குடியுரிமை வேறு, பணிபுரியும் நாடு வேறு. அடிக்குறிப்பில் 'ஆப்பிரிக்க நிறுவனத்தில் பணியில் இருப்பவர்' என்று ஒரு வரி இருக்கும். அது கண்ணில் படாமல் பரிந்துரைக் கடிதம் வரை வாங்கி அனுப்பி, ஒரே வரியில் நிராகரிப்பு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஆக, நடைமுறையில் நமக்கு மிஞ்சுவது ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகம்) தருவது போன்ற இந்திய நல்கை, சொந்தப் பல்கலைக்கழகத்தின் நிதி, அமர்வு அமைப்பாளரின் ஆய்வுத் திட்டத்தில் மிச்சமிருக்கும் பணம். மூன்றாவதைக் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். பயணச்செலவைத் தர முடியாத அமைப்பாளர்கூடப் பதிவுக் கட்டணத்தையோ மூன்று இரவு அறை வாடகையையோ ஏற்க வாய்ப்புண்டு. அப்படி ஏற்றால் அதைக் கடிதத்தில் தொகையோடு எழுதி வாங்குங்கள். இந்திய நல்கைப் படிவத்தில் 'அமைப்பாளர்கள் எதை ஏற்கிறார்கள்' என்று கேட்பார்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். எதையும் ஏற்கவில்லை என்றால், ஏற்கவில்லை என்றே ஒரு கடிதம் வேண்டும்.

மாநாட்டுப் பதிவுக் கட்டணத்தின் முன்பதிவுச் சலுகைக் கெடு, நல்கை முடிவு வருவதற்கு முன்பே வந்துவிடும். கட்டாமல் காத்திருந்தால் கட்டணம் கூடும், நிகழ்ச்சிநிரலிலிருந்து பெயரை எடுத்துவிடவும் கூடும். கட்டிவிட்டு விசா மறுக்கப்பட்டால்? விசா மறுப்புக்குப் பணம் திரும்ப வருமா, எந்தத் தேதிக்குள் சொல்லவேண்டும் என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டு கட்டுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்து வைப்பதும் முக்கியம். 2020 முதல் புதிய கார்டுகளுக்கு இது மூடியே வருகிறது. கெடு நாளின் இரவில் பேமென்ட் தோற்றுப்போனால் வங்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது அழைப்புக் கடிதம். தேர்வானதும் தானாக வரும் மின்னஞ்சல் விசாவுக்குப் பற்றாது. கேட்டு வாங்கும் கடிதத்தில் மாநாட்டுத் தேதி, இடம், உங்கள் கட்டுரைத் தலைப்பு, பாஸ்போர்ட் எண், செலவு யார் பொறுப்பு, கையெழுத்துப் போட்டவரின் தொலைபேசி எண் எல்லாம் இருக்கவேண்டும். நம் ஆட்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை, பெயர். ஆய்வுக் கட்டுரைகளில் இனிஷியலோடு எழுதுகிறோம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகச் சர்நேம் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலி. மாநாட்டுப் பதிவுப் படிவமோ சர்நேம் இல்லாமல் நகராது. அதில் இனிஷியலைப் போட்டால் அழைப்புக் கடிதம், ரசீது, பேட்ஜ் எல்லாமே இனிஷியலோடு வரும். தூதரகம் கேட்காவிட்டாலும் ஊரில் தணிக்கைப் பிரிவு கேட்கும். பதிவு செய்யும் முதல் நாளே பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலுள்ள அப்பா பெயரைப் பார்க்காமல், முதல் பக்கத்தில் உங்கள் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே போடுங்கள். கட்டுரையில் இனிஷியல் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விதிப்படி 15 நாளில் முடிவு வரவேண்டும், 45 நாள் வரை நீட்ட அவர்களுக்கு உரிமை உண்டு. மே, ஜூனில் சுற்றுலாக் கூட்டம் அதிகம், அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பாஸ்போர்ட்டில் இரண்டு வெற்றுப் பக்கம், திரும்பும் நாளிலிருந்து மூன்று மாதச் செல்லுபடி ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை.

எல்லோருக்கும் தெரியாத ஒன்று வங்கிக் கணக்கு. முனைவர் பட்ட ஆய்வாளர்களின் உதவித்தொகையான ஜேஆர்எஃப் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், அதன் அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் 42,000. காகிதத்தில் அப்படி, கையில் வருவது பல மாத நிலுவை சேர்த்து மொத்தமாக. மூன்று மாத ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கிற விசா அதிகாரிக்கு என்ன தெரியும்? காலியாகக் கிடந்த கணக்கில் திடீரென்று ஒன்றரை லட்சம் விழுந்திருக்கிறது. விசாவுக்காகக் கடன் வாங்கிப் போட்ட பணம் என்றுதான் நினைப்பார். நிலுவைத் தொகை எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரைக்குமானது என்று பதிவாளர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கி ஸ்டேட்மென்ட்டின் மேல் வையுங்கள். எங்கள் நிர்வாகப் பிரிவில் 'அப்படி ஒரு ஃபார்மேட்டே இல்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். வாசகத்தை நானே டைப் செய்து, துறைத்தலைவரின் குறிப்போடு கொண்டுபோய் வைத்தபிறகு கையெழுத்தானது. இந்த மாதிரிக் கடிதம் எதற்கும் வரைவைக் கையோடு கொண்டுபோங்கள்.

இனி, விசாக் கட்டணம். 2024 ஜூன் 11 முதல் அது 90 யூரோ. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா விதித்தொகுப்பு, எண் 810/2009, பிரிவு 16(4), அறிவியல் கருத்தரங்குக்கோ மாநாட்டுக்கோ போகும் ஆய்வாளரிடம் இந்தக் கட்டணத்தை வாங்கக்கூடாது என்கிறது. அதன்படி ஆய்வாளர் என்றால் முனைவர் பட்டம் பெற்றவர், அல்லது முனைவர் படிப்பில் சேரும் தகுதி தரும் பட்டம் உள்ளவர். முதுகலைச் சான்றிதழ் நகல், ஆய்வாளர் என்று சொல்லும் பல்கலைக்கழகக் கடிதம், அழைப்புக் கடிதம் மூன்றையும் காட்டி விலக்குக் கேட்கலாம்.

நான் போன விசா மையத்தில் கவுண்டரில் இருந்தவர் படிவத்தைப் பார்த்ததும் முழுக் கட்டணத்தையும் பில்லில் ஏற்றிவிட்டார். விலக்கு என்றேன். "அது ஸ்டூடண்ட் விசாவுக்குத்தான் மேடம், கான்ஃபரன்ஸுக்கெல்லாம் கிடையாது." பிரிவின் அச்சுப் பிரதியை நீட்டினேன். அதைத் தொடக்கூட இல்லை, அடுத்த டோக்கனை அழைக்கப் போனார். அவரிடம் வாக்குவாதம் செய்யாமல் சொன்னது இதுதான்: "விலக்கு உண்டா இல்லையா என்று தூதரகம் சொல்லட்டும். என் விண்ணப்பக் கடிதம் மேலேயே இருக்கிறது, கேட்டுச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்." சூப்பர்வைசர் வந்தார், உள்ளே போய் யாரிடமோ பேசினார், திரும்பி வந்து பில்லை ரத்து செய்து மையத்தின் சேவைக் கட்டணத்துக்கு மட்டும் புது பில் போடச் சொன்னார். அந்தச் சேவைக் கட்டணத்துக்கு விலக்கு இல்லை, அதைக் கட்டத்தான் வேண்டும். 90 யூரோ என்பது ஓர் ஆய்வு மாணவருக்குப் பெரிய பணம். ஒரு பக்க விண்ணப்பக் கடிதத்தில் பிரிவு எண்ணைப் போட்டு, கோப்பின் முதல் தாளாக வையுங்கள். பில் போட்டபின் திரும்ப வாங்குவது வேறொரு போராட்டம், அதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

இதைவிட மனத்தை அறுத்தது மாநாட்டு அமர்வில் பார்த்தது. எங்கள் அமர்வில் ஆப்பிரிக்காவிலிருந்து வரவேண்டியவர்களுக்கு விசா வரவில்லை. அவர்களுடைய கட்டுரையை அமைப்பாளர் எடுத்து வாசித்தார். கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆப்பிரிக்காவைப் பற்றிய மாநாடுகளில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. நீங்கள் அமர்வு அமைப்பாளராகும் நாள் வந்தால், அழைப்புக் கடிதங்களைத் தேர்வு முடிவோடு சேர்த்தே அனுப்புங்கள். இணையவழி இணைப்புக்கு அறை பதிவாகியிருக்கிறதா என்று ஒரு மாதம் முன்பே கேளுங்கள். அன்று காலையில் கேட்டால் கேமரா இருக்காது.

ஊருக்குத் திரும்பியதும் நிதிப் பிரிவு. இந்திய நல்கை பெரும்பாலும் செலவுக்குப் பின் தருவதுதான், ஆணையிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் தாள் கேட்பார்கள். ஏர் இந்தியா தனியாருக்குப் போனபின், மத்திய அரசுச் செலவில் பறப்பவர்கள் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி மூன்றில் ஒன்றில்தான் டிக்கெட் எடுக்கவேண்டும். 21 நாள் முன்பே எடுக்கவேண்டும் என்ற அறிவுறுத்தலும் உண்டு. விசா வருவதோ கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது. நல்கை ஆணையில் இந்த விதியைக் கோத்திருந்தால், விசா கையில் வந்த தேதியைக் காட்டித் தாமதத்துக்கு ஒரு விளக்கக் கடிதத்தை டிக்கெட் எடுத்த அன்றே எழுதி அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எழுதினால் 'ஆஃப்டர்தாட்' (பிறகு யோசித்துச் சேர்த்தது) என்று குறிப்பு எழுதுவார்கள்.

போர்டிங் பாஸ் ஒவ்வொரு கட்டத்துக்கும் வேண்டும், நடுவில் விமானம் மாறுவதற்கும் சேர்த்து. கைபேசி பாஸின் ஸ்கிரீன்ஷாட்டை எங்கள் நிதிப் பிரிவு ஏற்கவில்லை. கவுண்டரில் அச்சிட்டதையே வாங்குங்கள். அது வெப்பத்தாள், மை மங்கும். இறங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள். தொலைந்துபோனால் பயணம் செய்ததற்கான சான்றிதழை விமான நிறுவனத்திடம் கேட்டு வாங்கமுடியும்.

எனக்குக் குறைந்த பணம் எது என்றால், மாற்று விகித வித்தியாசம். பதிவுக் கட்டண ரசீது யூரோவில் இருக்கிறது. கார்டு ஸ்டேட்மென்ட்டில் ரூபாய் இருக்கிறது, அதில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி வாங்கும் கூடுதல் கட்டணமான மார்க்அப், அந்த மார்க்அப்பின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனி வரியாக. நிதிப் பிரிவு யூரோவை அவர்களுக்குப் பிடித்த ஒரு நாளின் விகிதத்தில் மாற்றி, மார்க்அப்பையும் வரியையும் அடித்துவிட்டது. நல்கை ஆணை வந்த உடனேயே 'எந்தத் தேதியின் விகிதம், வங்கிக் கட்டணம் ஏற்கப்படுமா' என்று எழுத்தில் கேளுங்கள். மார்க்அப் இல்லாத கார்டு கிடைத்தால் அதில் கட்டுங்கள். அறை வாடகை ரசீதில் உங்கள் பெயரும் தங்கிய தேதிகளும் இருக்கவேண்டும், புக்கிங் உறுதி மின்னஞ்சலை ரசீதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ், அரசின் பொது நிதி விதிகளின் ஜிஎஃப்ஆர் 12ஏ படிவத்தில் இருக்கவேண்டும், பழைய படிவத்தில் கொடுத்தால் திரும்பி வரும்.

இனிப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பாஸ்போர்ட்டில் ஐரோப்பிய முத்திரைப் பக்கத்தின் நகலைப் பல நிதிப் பிரிவுகள் கேட்கின்றன. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதில் மின்னணுப் பதிவு முறை படிப்படியாக வந்திருக்கிறது. முத்திரை இல்லாமல் திரும்புவீர்கள். மாநாட்டின் கடைசி நாளன்று பதிவு மேசையில் 'நேரில் பங்கேற்றார்' என்று தேதியோடு சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், அங்கேயே பெயரைச் சரிபார்த்துவிடுங்கள். சென்னை விமான நிலையத்தில் போகும்போதும் வரும்போதும் குத்தும் குடியேற்ற முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள்.