எட்ஜ்ஃபீல்டின் பிரேத விசாரணைத் தாள்கள்

தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்ட் கவுண்டியில் 19ஆம் நூற்றாண்டில் யாராவது சந்தேகத்துக்கிடமாக இறந்தால், கொரோனர் (மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) அக்கம்பக்கத்து ஆண்களை ஜூரியாகக் கூட்டுவார். பிணத்தை அவர்கள் நேரில் பார்த்தே ஆகவேண்டும். காயம் எங்கே, எவ்வளவு நீளம், ஆழம் என்று பார்த்து, சாட்சிகளை விசாரித்து, தீர்ப்பில் கையெழுத்திடுவார்கள். காரணம் பிடிபடாத திடீர் மரணமா? 'கடவுள் செயல்' என்று எழுதி முடித்துவிடுவதும் உண்டு.

அடிமைகளின் சாவுக்கும் விசாரணை நடந்தது. மனதை அறுப்பது இந்தத் தாள்கள்தான். 1740 சட்டப்படி, அடிமையை வேண்டுமென்றே கொன்ற வெள்ளையருக்கு 700 பவுண்ட் அபராதம். மரண தண்டனை 1821இல்தான் வந்தது. அதற்குப் பிறகும், கொலையைக் கண்ணால் பார்த்த அடிமை வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. எனவே 'விபத்து' என்ற தீர்ப்பை அப்படியே நம்பாதீர்கள். காயக் குறிப்பை முதலில் படியுங்கள்.