அங்கே பதினொன்று, இங்கே ஆறரை

22 நவம்பர் 2024, வெள்ளி
நியூசிலாந்தின் தெற்குத் தீவைக் காரில் சுற்றக் கிளம்பிவிட்டோம். "செவ்வாய்க்கிழமைதான் அம்மாவோட டெஸ்ட் ரிப்போர்ட். நீ பயணத்தை நிறுத்தினா அவ பயந்துருவா" என்று அண்ணன் நேற்றே சொல்லிவிட்டான்.

23, சனி. டெக்கப்போ
ஏரி பால் கலந்த நீலம். பனியாறு பாறையை மாவாக அரைத்துக் கொண்டுவருகிறது; அந்தத் தூள் அடியில் படியாமல் மிதப்பதால் இந்த நிறம். கரை முழுக்க லூபின் பூ. ஆற்றுப்படுகையில் கூடுகட்டும் பறவைகளின் இடத்தைப் பிடுங்கிக்கொள்ளும் களைதான், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "பூவெல்லாம் சரிடி, ஒரு ஆளைக்கூடக் காணோமே?" குரல் தெம்பாகத்தான் இருந்தது. எனக்காகத் தெம்பாக வைத்துக்கொண்டாளோ?

24, ஞாயிறு
எழுதத் தோன்றவில்லை.

25, திங்கள்
லிண்டிஸ் பாஸ் என்ற மலைக் கணவாய், 971 மீட்டர் உயரம். மரமே கிடையாது. வைக்கோல் நிறப் புல் போர்த்திய மலைகள், மடிப்பு மடிப்பாக. இறங்கி வரும்போது சாலை முழுக்க ஆடுகள். இவர் எஞ்சினை அணைத்தார். ஆடுகள் காரை உரசிக்கொண்டு போயின. ஒன்றின் கம்பளியில் முள்ளும் காய்ந்த சேறும் அப்பியிருந்தது. கடைசியில் ஒரு பையனும் இரண்டு நாய்களும். ஆள்! அம்மாவுக்காக வீடியோ எடுத்தேன். சிக்னல் இல்லை, போகவில்லை.

26, செவ்வாய்
வனாகாவிலிருந்து ஃபாக்ஸ் கிளேசியர் 260 கி.மீ. சொச்சம். ஊரில் பதினொரு மணிக்கு ரிப்போர்ட், அப்போது இங்கே மாலை ஆறரை. அதற்குள் போய்விட வேண்டும், இந்த ஒன்றைத் தவிர மனதில் எதுவுமே இல்லை. மக்கரோரா தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. பிறகு காடு, மழை, ஒற்றை வழிப் பாலங்கள். சிவப்பு வட்டப் பலகை வந்தால் நாம்தான் நின்று வழிவிட வேண்டும். ஒவ்வொரு பாலத்திலும் எதிரே யாரும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். "அருவிகிட்ட நிறுத்தட்டுமா?" என்றார் இவர். வேண்டாம் என்று கத்திவிட்டேன். பாவம், நான்கு நாளாக அவர்தான் ஓட்டுகிறார். "பக்கத்துல உக்காந்து தூங்கிராத, பேச்சுத்துணையா இரு" என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். ஹாஸ்ட் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை நான்.

6.10க்கு வந்து சேர்ந்தோம். 6.40க்கு அண்ணன். "இன்னும் வரலை. வியாழக்கிழமையாம்."

அவ்வளவுதான். இன்னும் இரண்டு நாள். இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அருவி எங்கயும் போயிடாது" என்றார்.

27, புதன். ஹோக்கிடிகா
வீடியோ போய்ச் சேர்ந்தது. நான்கு தடவை பார்த்தாளாம். "அந்தப் பையன் மழைக்குத் தலையில எதுவும் போடலையே?" அன்றைக்கு மழையே இல்லை அம்மா என்றேன். நம்பவில்லை. சாப்பிட்டாயா என்று நான் கேட்க, நீ சாப்பிட்டாயா என்று அவள். ரிப்போர்ட் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

28, வியாழன்
விடிகாலையிலிருந்து மழை. ஆர்தர்ஸ் பாஸ் மலையைத் தாண்டித்தான் வீடு. மலையில் சிக்னலை நம்ப முடியாது. ஒன்பதுக்கே கிளம்பிவிடலாம் என்று இவரே சொன்னார். பெட்டி கட்டியாயிற்று. ஃபோன் 100 சதவீதம்.