சிவப்பாக மாறியது, ஆனால் நிற்கவில்லை: பைப்லைன் செய்முறைத் தேர்வில் நான் கற்றது

முதல் முறை அந்தச் செய்முறைத் தேர்வில் நான் தோற்றதில் ஒரே ஒரு வரிக்குப் பெரும் பங்கு உண்டு. ஜென்கின்ஸ் என்பது மென்பொருளைக் கட்டி, சோதித்து, வெளியிடும் வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி; அந்த வேலைகளின் வரிசைதான் பைப்லைன். நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு பைப்லைனைக் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் கட்டத்தில் ஒரு நிபந்தனை பொய்த்தால் அதற்குப் பின் எதுவும் ஓடக்கூடாது. நான் ஓட்டத்தின் முடிவைக் குறிக்கும் ‘கரண்ட்பில்ட்.ரிசல்ட்’டுக்கு ‘ஃபெயிலியர்’ என்று மதிப்புக் கொடுத்து ஓட்டினேன். பில்ட், அதாவது அந்த ஓட்டம், தோல்வியைக் காட்டும் சிவப்பானது. திருப்தியோடு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஓட்டப் பதிவான லாகைக் கடைசிவரை படித்திருந்தால், மென்பொருளை வெளியிடும் டிப்ளாய்மென்ட் கட்டமும் சமர்த்தாக ஓடி முடிந்திருப்பது தெரிந்திருக்கும்.

அந்த வரி பில்டின் நெற்றியில் முடிவை எழுதி ஒட்டுகிறது, அவ்வளவுதான். ஓட்டத்தை நிறுத்த ‘எரர்’ என்ற படி வேண்டும். அது ‘விதிவிலக்கு’ எனப்படும் பிழைச் சமிக்ஞையை எறிகிறது, மீதிக் கட்டங்கள் தவிர்க்கப்படுகின்றன. ‘ரிட்டர்ன்’ போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் அடுத்து முயன்றேன். ஜென்கின்ஸின் கட்டமைந்த எழுத்து முறையான டிக்ளரேட்டிவ் பைப்லைனில், நிரல் எழுதும் ‘ஸ்கிரிப்ட்’ பகுதிக்குள் எழுதும் ரிட்டர்ன், அந்தப் பகுதியை விட்டுத்தான் வெளியே வரும். அடுத்த கட்டம் வழக்கம்போலத் தொடங்கும்.

தவறு எதுவும் நடக்கவில்லை, செய்ய வேலை இல்லாததால் நிறுத்துகிறோம் என்றால் சிவப்பு காட்டுவது நியாயமில்லை. அப்போது முடிவை ‘நாட்_பில்ட்’ என்று குறித்துவிட்டு எரரை அழைக்கலாம். ஜென்கின்ஸில் முடிவின் மதிப்பை மோசமான பக்கம் மட்டுமே நகர்த்த முடியும். அந்த வரிசையில் நாட்_பில்டும் ‘அபார்ட்டட்’டும் ஃபெயிலியருக்கும் கீழே இருப்பதால், பின்னால் வரும் எரர் அவற்றை அழிப்பதில்லை.

இரண்டாவது முறைக்குப் படிக்கும்போது ஆவணங்களை மறுபடி மனப்பாடம் செய்யவில்லை. சின்னதாக ஒரு பைப்லைன் எழுதி, வேண்டுமென்றே உடைத்தேன். ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன், எந்தக் கட்டம் வரை போகும் என்று தாளில் எழுதி வைத்தேன். முதல் வாரம் பாதிக்கு மேல் தவறாகவே கணித்தேன். அந்தத் தவறுகளின் பட்டியல்தான் என் பாடப்புத்தகம் ஆனது.

பட்டியலின் தலையில் இருந்தது, கட்டளைகளை ஓட்டும் நிரலான ஷெல். கட்டம் தோற்றதா என்பதைப் பைப்லைன் அறிவது, கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்ணான எக்ஸிட் கோட் வழியாகத்தான். சுழி என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. சோதனையின் வெளியீட்டைக் கோப்பிலும் சேமிக்க ‘டீ’ கட்டளைக்குக் குழாய் வழி, அதாவது ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் இணைப்பு வழி, அனுப்பினேன். சோதனை தோற்றது, டீ வென்றது. குழாயின் கடைசிக் கட்டளையின் குறியீடே மேலே போனதால் எல்லாம் பச்சை. குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் ‘பைப்ஃபெயில்’ அமைப்பை இயக்கினால் இது சரியாகும். இன்னொரு பொறி: ஜென்கின்ஸின் ஷெல் படி, ‘ஈ’ கொடியுடன் ஓடுவதால், தோற்ற கட்டளையிலேயே நிற்கும். ஆனால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் நீங்களே ‘பாஷ்’ என்ற ஷெல்லை அழைத்தால் அந்தக் கொடி தானாக வராது. நடுவில் ஒரு கட்டளை விழுந்தாலும் ஸ்கிரிப்ட் கடைசிவரை போகும். ஜென்கின்ஸைப் போன்ற இன்னொரு கருவியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலும் இந்தப் பொறியின் உறவுக்காரர் உண்டு: லினக்ஸில் ஷெல்லைக் குறிப்பிடாமல் விட்டால் பைப்ஃபெயில் கிடையாது, பாஷ் என்று வெளிப்படையாக எழுதினால் உண்டு.

இணையாக ஓடும் வேலைகளைக் கேள்வி தயாரிப்பவர்களுக்கு மிகவும் பிடிக்கும் போலிருக்கிறது. ஜென்கின்ஸில் ஒரு கிளை விழுந்தாலும் மற்றவை முடியும்வரை ஓடும். ‘ஃபெயில்ஃபாஸ்ட்’டை இயக்கினால்தான் அவையும் நிறுத்தப்படும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில், ஒரே வேலையைப் பல அமைப்புகளில் ஓட்டும் மேட்ரிக்ஸில் அதே பெயருள்ள அமைப்பு, சொல்லாமலே இயங்கும். இரண்டையும் ஒரே நாளில் படித்துக் குழம்பாதீர்கள்.

மஞ்சளையும் மறக்க வேண்டாம். மஞ்சள் காட்டும் ‘அன்ஸ்டேபிள்’ முடிவு தோல்வி அல்ல. அதற்கென உள்ள ‘ஸ்கிப்ஸ்டேஜஸ்ஆஃப்டர்அன்ஸ்டேபிள்’ தெரிவைச் சேர்க்காவிட்டால் மஞ்சள் பில்டும் டிப்ளாய்மென்ட் வரை போகும்.

மறு தேர்வில் வந்த கேள்வி: சோதனை தோற்றால் உடனே நிற்க வேண்டும், ஆனால் சோதனை அறிக்கை சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். சேமிக்கும் படியைச் சோதனைக் கட்டளைக்குக் கீழேயே எழுதினால் அது ஓடாது. பிழையைப் பிடித்துக்கொண்டு மேலே தொடரவிடும் ‘கேட்ச்எரர்’ போட்டால் ஓடும், ஆனால் பைப்லைன் நிற்காது. சேமிக்கும் படியை, முடிந்தபின் ஓடும் ‘போஸ்ட்’ பகுதியில், வெற்றியோ தோல்வியோ எப்போதும் ஓடும் ‘ஆல்வேஸ்’ கீழ் வைத்தேன். பிறகு ஒரு சோதனையைத் தோற்கடித்து ஓட்டி, பில்டின் நிறத்தைப் பார்க்காமல் நேரே லாக் பதிவின் அடிக்குப் போனேன். முந்தைய தோல்வியால் டிப்ளாய்மென்ட் கட்டம் தவிர்க்கப்பட்டது என்ற வரி அங்கே இருந்தது.