"சுமார்" என்று எழுதி வைத்த கேம்கள்

ஒரு கேமை முடித்ததும், அல்லது பாதியில் விட்டதும், அதைப் பற்றி ஒரு வரி எழுதி வைப்பது என் வழக்கம். கோடு போட்ட நோட்டு ஒன்று இதற்கென்றே இருக்கிறது. கேமின் பெயர், விளையாடிய மணி நேரம், ஒரு வரித் தீர்ப்பு, அவ்வளவுதான். போன வாரம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிடித்த கேம்களுக்கு எழுதியவை எல்லாம் சப்பென்று இருக்கின்றன: "அருமை", "பிரமாதம்", "மறுபடியும் விளையாட வேண்டும்". படுமோசமானவற்றுக்கு எழுதியவைதான் ஜோர். திட்டும்போது கை தானாக ஓடியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கிடப்பவற்றிடம்தான் திணறியிருக்கிறேன். பதினேழு இடத்தில் "சுமார்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிட்டேன்.

அந்தப் பதினேழில் ஒன்றுக்கு நேரே 61 மணி நேரம் என்று இருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்த தங்கை கேட்டாள்: "சுமார்னு எழுதியிருக்க. அப்புறம் எதுக்குண்ணா அறுபத்தோரு மணி நேரம்?"

சட்டென்று பதில் வரவில்லை. நாலு நாள் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் படுமோசமான கேம்களை ஒதுக்கிவிடலாம். அவற்றால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. 1982இல் அட்டாரி 2600 என்ற வீட்டு கேம் கருவிக்கு வந்த ஈ.டி.யை உலகத்திலேயே மோசமான கேம் என்று சொல்லிச் சொல்லியே நாற்பது வருடம் ஓடிவிட்டது. அதன் நிரலை எழுதியவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் முடித்தாக வேண்டும் என்று அவருக்குக் கொடுத்தது சுமார் ஐந்தே வாரம். விற்காமல் போன கேட்ரிட்ஜ்களை நியூ மெக்ஸிகோவின் ஆலமகோர்டோவில் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் தோண்டியும் எடுத்தார்கள். பழைய கருவியைக் கம்ப்யூட்டரில் போலி செய்யும் எமுலேட்டரில் நானும் விளையாடிப் பார்த்தேன். நடந்தால் குழி, திரும்பினால் குழி, கழுத்தை நீட்டிக்கொண்டு மிதந்து மேலே வந்தால் விளிம்பு தட்டி மறுபடியும் அதே குழி. நோட்டில் "குழி" என்று மூன்று முறை எழுதியிருக்கிறேன். ஆனால் அரை மணி நேரத்தில் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ஈ.டி. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த அரை மணி நேரம்தான்.

உடைந்த நிலையில் வெளியாகும் கேம்கள் வேறு சாதி. சைபர்பங்க் 2077 வந்தது 2020 டிசம்பர் 10. ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்தே அதைத் தூக்கினார்கள். 2023இல் 2.0 அப்டேட் வந்தபோது அது வேறு கேம் மாதிரி ஆகிவிட்டது. நோ மேன்ஸ் ஸ்கையும் அப்படித்தான், 2016இல் வாங்கிய திட்டுக்கு எல்லாம் வருடக்கணக்கில் இலவச அப்டேட்டாகவே பதில் சொல்லி மீண்டது. உடைந்ததை ஒட்டலாம். உள்ளே நல்ல சாமான் இருந்தால் பேட்ச் என்கிற திருத்தம் போடப் போட வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

உடைந்த கேமுக்கும் சுமாரான கேமுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறைத்தது ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ் விளையாடியபோது. 2013இல் வந்த கேம். அதில் வரும் ஜந்துக்கள் நேரே ஓடிவந்து துப்பாக்கிக்கு முன்னால் நிற்கும், சில சமயம் வழி தெரியாமல் திகைக்கும். 2018இல் ஒரு வேடிக்கையான செய்தி பரவியது. கம்ப்யூட்டர் பதிப்பின் ஒரு செட்டிங் ஃபைலில் 'டெதர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் ஓர் 'ஏ' கூடுதலாக விழுந்திருக்கிறதாம். அந்த ஓர் எழுத்தை அழித்தால் ஜந்துக்களுக்குப் புத்தி தெளிகிறதாம். ஐந்து வருடமாக யாரும் கவனிக்காத எழுத்துப் பிழை! உடனே ஃபைலைத் திறந்து அழித்தேன். உண்மைதான், ஜந்துக்கள் பக்கவாட்டில் சுற்றி வந்து தாக்கின. ஒரு மணி நேரம் குஷியாக இருந்தது. அப்புறம் அதே குறுகிய வராந்தா, அதே கதவை வெல்டிங் வைத்து மூடும் வேலை, யார் செத்தாலும் உறைக்காத அதே வசனங்கள். புத்தி வந்த ஜந்துக்கள் புத்தியில்லாத மிஷன்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. பிழையைத் திருத்திய பிறகும் நோட்டில் "சுமார்" என்பதை அடிக்கத் தோன்றவில்லை.

நான் ஏன் மதிப்பெண் போடுவதில்லை என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கணக்குப்படி பத்தில் நடு என்றால் 5. கேம் விமர்சன உலகத்தில் நடு என்பது 7. ஆறைப் பார்த்தாலே வாங்குகிறவர் ஓடிவிடுகிறார், ஒன்றிலிருந்து ஐந்து வரை சும்மா கிடக்கிறது. போதாததற்கு அந்த எண்ணை நம்பி ஒப்பந்தமே போடுகிறார்கள். 2010இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ், விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வாங்கினால் அதை உருவாக்கிய ஆப்சிடியனுக்குப் போனஸ் என்று பேச்சு. கிடைத்தது 84. போனஸ் இல்லை. 2012இல் ஆப்சிடியனில் இருந்த கிறிஸ் அவெலோன் இதை வெளியே சொன்னார். அந்த ஒரு மதிப்பெண் எந்த மிஷனில் குறைந்தது என்று யாராவது காட்ட முடியுமா? நான் அந்தக் கேமை மூன்று முறை முடித்தவன். எனக்குத் தெரியவில்லை.

சரி, அந்த 61 மணி நேரத்துக்கு வருகிறேன். அது ஆந்தம், 2019 பிப்ரவரி.

இரும்புக் கவசத்துக்குள் புகுந்து பறக்கிற கேம். பறப்பதை விவரிக்க எனக்கு இன்னும் சரியான சொல் கிடைக்கவில்லை. பாறை விளிம்பிலிருந்து குதித்து, கீழே விழுந்துகொண்டிருக்கும்போதே எஞ்சினை எழுப்ப வேண்டும். அந்த அரை வினாடி வயிற்றுக்குள் ஏதோ புரளும். ரொம்ப நேரம் பறந்தால் எஞ்சின் சூடாகிவிடும். அதைத் தணிக்க ஓர் அருவிக்குள் புகுந்து மறுபக்கம் வரலாம், இல்லை ஆற்றுத் தண்ணீரை ஒட்டித் தாழப் பறக்கலாம். திரையில் சூட்டைக் காட்டும் ஒரு மீட்டர், ஒரு எச்சரிக்கை ஒலி. இந்தச் சின்ன விதியால் காட்டில் உள்ள ஒவ்வோர் அருவியும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. சூட்டைத் தணிக்க அருவியைத் தேட வைத்த ஆள் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

மிச்சத்தைச் சொல்லத்தான் சங்கடமாக இருக்கிறது. பறந்து போய் இறங்கினால் ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் நின்று வருகிறவர்களைச் சுட வேண்டும். அடுத்த மிஷன், அடுத்த வட்டம். திரும்பி வந்தால் கோட்டை. அங்கே கவசம் கிடையாது, பறக்க முடியாது. கல்யாண ஊர்வலத்தில் போகிற மாதிரி மெதுவாக நடக்கத்தான் விடுவார்கள். நடுநடுவே லோடிங் திரை. கிடைக்கும் பரிசும் பழைய துப்பாக்கியேதான், எண் மட்டும் கொஞ்சம் பெரிசு. கதை பாதிக்கு வந்ததும் நான்கு கல்லறைகளைத் திறக்க வேண்டும் என்று நிறுத்தினார்கள். பெட்டிகளைத் திறந்து கணக்குக் காட்டு, விழுந்து கிடக்கும் கூட்டாளிகளைத் தூக்கிவிட்டுக் கணக்குக் காட்டு, கைச்சண்டையில் இத்தனை பேரைக் கொன்று கணக்குக் காட்டு. உலகம் அழியப்போகிறது என்று சொன்ன கதை, நான் பெட்டி எண்ணி முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தது.

அந்த வருடம் ஏப்ரலில் ஒரு நீண்ட புலனாய்வுக் கட்டுரை வந்தது. பறப்பதைப் பல தடவை சேர்த்து, எடுத்து, மறுபடி சேர்த்திருக்கிறார்கள் என்று அதில் படித்தேன். கேமின் பெயரையே அறிவிப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மாற்றினார்களாம். எனக்குக் கோபம் வரவில்லை, ஒரு மாதிரி நிம்மதி வந்தது. பறப்பது ஒரு வீடு, மற்றதெல்லாம் வேறு வீடு என்று எனக்குத் தோன்றியது வெறும் பிரமை இல்லை.

61 மணி நேரம் எப்படி ஆனது என்று இப்போது புரிகிறது. பறந்தது பதினைந்து மணி நேரம் இருக்கலாம். மிச்சம் முழுக்க, அடுத்த மிஷனில் அந்தப் பறத்தலுக்கு ஏற்ற ஏதோ ஒன்று வரப்போகிறது என்று காத்திருந்தது. மோசமான கேம் இப்படிக் காக்க வைக்காது. அதனிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

ஸ்போரும் இதே ரகம்தான். 2008 ஜூனில் ஜந்துவை உருவாக்கும் கருவியை மட்டும் தனியாக முதலில் வெளியிட்டார்கள். முழு கேம் செப்டம்பரில். நானும் தங்கையும் ஆறு காலும் தொங்கும் மூக்கும் வைத்து ஒரு ஜந்து செய்தோம். நடையைப் பார்த்துவிட்டு அவள் அதற்குச் 'சித்தப்பா' என்று பெயர் வைத்தாள் (எங்கள் சித்தப்பாவுக்கு இது இன்றுவரை தெரியாது). செப்டம்பரில் சித்தப்பா செல்லாகப் பிறந்து, விலங்காகி, கூட்டம் சேர்த்து, நகரம் கட்டி, கடைசியில் விண்வெளிக்குப் போனார். ஐந்து கட்டமும் வேறு யாரோ செய்த ஐந்து கேம்களின் மெலிந்த நகல். விண்வெளியிலாவது நிம்மதியாகச் சுற்றலாம் என்றால் கொள்ளைக்காரன் வந்துவிட்டான், உடனே வா என்று ஓயாமல் அழைப்பு. ஜந்து செய்த நாள்தான் உச்சம், அதுவும் கேம் வருவதற்கு முன்பே முடிந்துபோனது.

ஸ்டார்ஃபீல்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரகங்களோடு வந்தது. மூன்றாவது கிரகத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தேன். போன கிரகத்தில் பார்த்த அதே கூடம். அதே மூலையில் அதே பிணம், அதே இடத்தில் அதே குறிப்பு. நூறு கிரகம் போதுமே, ஒவ்வொரு பிணத்துக்கும் தனித்தனிக் கதை எழுதியிருக்கலாமே என்று தோன்றியது.

டியூக் நியூகெம் ஃபாரெவர் மட்டும் வேறு மாதிரி ஏமாற்றியது. 1997இல் அறிவித்து 2011இல் வந்த கேம். பதினான்கு வருடம் கழித்து வந்த நாயகன் டியூக் பழைய பாணியில் திமிராக வருவார் என்று பார்த்தால், அந்தக் காலகட்டத்தின் மற்ற துப்பாக்கி கேம்களைப் போலவே கையில் இரண்டே ஆயுதம், ஒளிந்து நின்றால் தானாக ஏறும் உயிர். பழைய நகைச்சுவையை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தார்கள். மாற்ற வேண்டியிருந்ததே அது ஒன்றுதான்.

2026 ஜனவரி 12 அன்று ஆந்தமின் சர்வர்களை மூடினார்கள். இணையம் இல்லாமல் ஓடாத கேம் என்பதால் அலமாரியில் டிஸ்க் இருந்தும் பயனில்லை. அதற்கு முந்தைய ராத்திரி கடைசியாக ஒரு தடவை உள்ளே போனேன். மிஷன் எதையும் எடுக்கவில்லை. தங்கை பக்கத்தில் இருந்தாள். கண்ட்ரோலரை அவள் கையில் கொடுத்துவிட்டு, எஞ்சின் சூடானால் எந்த அருவிக்குள் புக வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் நாலைந்து தடவை பாறையில் மோதினாள். அப்புறம் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு மணி நேரம் ஆனது.

போன வாரம் அவள் கேட்ட கேள்விக்கு நேற்று இதைச் சொன்னேன். அந்த 61இல் இரண்டு உன்னுடையது என்றேன்.

"அப்போ அதைத் தனியா எழுதுண்ணா" என்றாள்.

நோட்டில் 61ஐ அடித்துவிட்டு 59 என்றும் அடுத்த வரியில் 2 என்றும் எழுதினேன். "சுமார்" இப்போது 59க்கு நேரே இருக்கிறது. 2க்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.