வெள்ளிப் பட்டையும் இரண்டு நீலக் கடிதங்களும்

சிங்கப்பூரில் சின்ன வழக்கறிஞர் அலுவலகங்களில் குமாஸ்தாவாக இருப்பவர்களுக்கு வேலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான். உயில், வீடு வாங்கல் விற்றல், விவாகரத்து, அப்புறம் உறுதிமொழிப் பத்திரங்கள். தமிழர்கள் அதிகம் வருவது இந்தக் கடைசி வேலைக்கு. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, ஐசி என்கிற அடையாள அட்டையில் வேறு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று எழுதி, ஓத் கமிஷனர் என்கிற உறுதிமொழி வாங்கும் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரத்துக்கு 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இணைக்கிற ஆவணம் ஒவ்வொன்றுக்கும் 5 வெள்ளி. தமிழ் மட்டும் பேசுகிறவர் என்றால் மொழிபெயர்த்துச் சொல்வதும் என் பொறுப்பு.

இந்த மாதிரிப் பத்திரம் போட வந்த ஒரு பெரியவரால்தான், ராணுவப் பதிவில் விட்டுப்போன ஒன்றைத் திருத்தச் சொல்லிக் கேட்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்துகொண்டேன். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். இந்தத் தலைமுறைக்கு அது விசித்திரமாகப் படலாம். 1971-இல் பிரிட்டிஷ் படைகள் மூட்டை கட்டும் வரைக்கும் இங்கேயே ஆள் சேர்த்தார்கள். அதிகாரிகள் அல்லாத இந்த உள்ளூர் வீரர்களுக்கு 'மலாயன் அதர் ரேங்க்ஸ்', சுருக்கமாக எம்ஓஆர் என்று பெயர். வாகனப் பழுது, சிக்னல், போக்குவரத்து, கிடங்கு என்று படையின் முதுகெலும்பான வேலைகளில் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். பெரியவர் வாகன மெக்கானிக். பாசிர் பாஞ்சாங் பக்கம் ஒரு பட்டறையில் வேலை, நீ சூனில் குடும்பம்.

மலேசியா உருவாவதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய கொன்ஃப்ரொன்டாசி அப்போது நடந்துகொண்டிருந்தது. 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்ததைப் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படிக்கிறார்கள். அதற்குச் சில நாள் முன்னால், பிப்ரவரி 28 அன்று, கோத்தா திங்கியில் இரண்டாம் சிங்கப்பூர்க் காலாட்படைப் பிரிவின் ஒன்பது வீரர்கள் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டதை அவ்வளவு பேர் அறிந்திருக்கவில்லை. போர்னியோ பக்கம் இதே சண்டை இன்னும் நீண்ட நாள் நடந்தது. அங்கே வண்டி ஓட வேண்டுமென்றால் வண்டியைப் பழுது பார்க்க ஆள் வேண்டும். பெரியவரைப் போர்னியோவை ஒட்டிய லபுவான் தீவுக்கு அனுப்பினார்கள்.

அவரிடம் ஒரு பதக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 1962-இல் ஏற்படுத்திய பொதுச் சேவைப் பதக்கம். முன்பக்கம் கிரீடத்தோடு எலிசபெத் அரசியார். பின்பக்கம் ஓக் இலை வளையத்துக்கு நடுவே போர்ச் சேவைக்கானது என்ற வாசகம். ஊதா ரிப்பன், இரு ஓரத்திலும் பச்சை. ரிப்பனுக்குக் குறுக்கே ஒரு வெள்ளிப் பட்டை. அதில் 'மலே பெனின்சுலா' என்று பொறித்திருக்கிறது. ஜொகூரில் இருந்ததற்காகக் கிடைத்த பட்டை அது. அதற்குரிய காலம் 1964 ஆகஸ்ட் 17-இல் தொடங்குகிறது, பொந்தியானில் இந்தோனேசியப் படையினர் கரையிறங்கிய அதே நாள். போர்னியோவுக்கு இன்னொரு பட்டை உண்டு. 1962 டிசம்பர் 24 முதல் 1966 ஆகஸ்ட் 11 வரைக்குள் அங்கே 30 நாள் இருந்திருக்க வேண்டும். அந்தப் பட்டைதான் அவருக்கு வரவில்லை. சேவைச் சான்றிதழ்ப் புத்தகத்தில் பதக்கங்களுக்கான பக்கத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"மா, நான் லபுவான்ல இருந்தேன். இல்லைன்னு எழுதியிருக்கான். அத மட்டும் மாத்தித் தரச் சொல்லணும்" என்றார்.

உண்மையில் 'இல்லை' என்று யாரும் எழுதவில்லை, எதுவும் எழுதாமல் விட்டிருந்தார்கள். எனக்குப் பெரிதாகத் தெரியாத அந்த வித்தியாசத்தை அவர் வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கூட்டாளியின் இறுதிச் சடங்கில்தான் இது அவரை உறுத்தத் தொடங்கியதாம். இருவரும் ஒரே கப்பலில் போனவர்கள். மண்டாய் தகனச் சாலையில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்த கூட்டாளியின் பதக்கத்தில் இரண்டு பட்டைகள். அந்தக் குடும்பம் பெருந்தன்மையோடு பதக்கத்தை எங்களுக்குக் காட்டியது. விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் வெட்டியிருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் படித்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

ஒரே கப்பலில் போன இருவரில் ஒருவருக்கு இருக்கிறது, ஒருவருக்கு இல்லை. ஏன்? பெரியவரோடு உட்கார்ந்து மெதுவாகக் கேட்கக் கேட்கத்தான் புரிந்தது. கூட்டாளியை லபுவான் பிரிவுக்கே மாற்றிவிட்டார்கள். அது பதிவில் ஏறியது. பெரியவர் தற்காலிக இணைப்பாக மட்டும் போனார். பதிவேடு பாசிர் பாஞ்சாங்கில், ஆள் லபுவானில். பதக்கப் பட்டியலைத் தயாரிக்கிற வேலை அந்தந்தப் பிரிவின் எழுத்தருடையது. லபுவான் எழுத்தருக்கு இவர் தன் ஆள் இல்லை. சொந்தப் பிரிவின் எழுத்தருக்கு இவர் போர்னியோவில் இருந்ததற்கான தாள் இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. ஆனால் இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒரு மனிதனின் வாழ்க்கையில் ஒரு பகுதி விழுந்துவிட்டது.

மகனுக்கு வேறு யோசனை. "அக்கா, அங்க அப்பா குண்டு விழற இடத்துல வண்டி எடுத்துட்டு வந்திருக்காரு. அதெல்லாம் போட்டா பெரிய பதக்கமே கிடைக்குமே?" என்றார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை, அப்பாவை நினைத்துப் பெருமைப்படுகிற பிள்ளை. ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்கு. வீரத்துக்கான விருதுக்கு அன்றைக்கே மேலதிகாரி பரிந்துரை எழுதியிருக்க வேண்டும். நடந்து ஐந்து ஆண்டு தாண்டிய சம்பவங்களுக்குப் பின்னோக்கி விருது தருவதில்லை என்பது பிரிட்டிஷ் நடைமுறை. போர்ச் சேவைப் பதக்கத்துக்கு இடமும் நாளும் போதும். எங்கே இருந்தார், எத்தனை நாள் இருந்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தாலும் மனு பலவீனப்படும். சந்தேகத்தோடு படிக்கிறவர், கூட்டிச் சொன்ன ஒரு வரியைக் கண்டால் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்.

பெரியவர் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். மகனைப் பார்த்து, "டேய், நான் ஸ்பேனர் புடிச்சவன். அதையே எழுதட்டும்" என்றார்.

உறுதிமொழிப் பத்திரத்தில் ஒவ்வொரு பத்திக்கும் எண் உண்டு. தானே கண்டதும் செய்ததும் ஒரு பக்கம், பிறர் சொல்லித் தெரிந்தது ஒரு பக்கம். பொய்யாக எழுதிக் கையெழுத்திட்டால் குற்றம். ஆகையால் ஒவ்வொரு வரியிலும் "இது உங்களுக்கே தெரியுமா ஐயா, இல்ல யாராவது சொன்னதா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். போன தேதி? தெரியாது. ஏறிய கப்பலின் பெயர்? தெரியாது. திரும்பிய மாதம்? யோசித்தார். "சிங்கப்பூர் பிரிஞ்சப்ப நான் அங்கதான் இருந்தேன். கேண்டீன் ரேடியோவுல கேட்டோம். போகும்போது மலேசியாவுக்குள்ள இருந்துதான் போனேன், வரும்போது வேற நாட்டுக்கு வந்து எறங்கினேன்."

1965 ஆகஸ்ட் 9. உலகத்துக்கே தெரிந்த தேதி. நாடு பிறந்த அன்று அவர் பிரிட்டிஷ் சீருடையில், மலேசிய மண்ணில், யாருடைய வண்டியையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பல பிரமாணங்களுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். இப்படி ஒரு வரியைத் தட்டச்சு செய்யும்போது கை நின்றது.

ஆனாலும் அது நினைவுதான். அன்றைக்கு எழுதிய தாள் ஒன்றாவது வேண்டும். தேசிய நூலக வாரியம் கணினியில் ஏற்றியிருக்கும் பழைய செய்தித்தாள்களில் தேடினேன். அவர் பெயர் இல்லை. மெக்கானிக்குகளின் பெயரைச் செய்தித்தாள் போடுவதில்லை. கடைசியில் தாள் அவர் வீட்டிலேயே இருந்தது. காலமான மனைவி பிள்ளைகளின் ஜாதக நோட்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த நீல நிற ராணுவ மடல்கள் இரண்டு. லபுவானிலிருந்து தமிழில் எழுதியவை. ஒன்று 1965 ஜூலை, மற்றது செப்டம்பர். இரண்டிலும் களத் தபால் நிலைய முத்திரை, எண்ணும் தேதியும் வட்டத்துக்குள் தெளிவாக விழுந்திருந்தன. செப்டம்பர் கடிதத்தில் பால்காரர் பாக்கி, மூத்தவனின் இருமல், விடாத மழை, சேற்றில் அச்சு வரை புதைகிற வண்டிகள் என்று எழுதிக்கொண்டே வந்து, இடையில் ஒரு குறை: 'இங்கே வந்து பத்து வாரம் ஆகிறது, ஒரு நாள்கூட ஊர்ப்பக்கம் விடவில்லை.'

முப்பது நாள் தொடர்ந்து இருந்தாரா என்ற கேள்விக்கு அந்த ஒற்றை வரியே பதில். ஒரு கணவன் மனைவியிடம் புலம்பியது, யாருக்கும் நிரூபிக்க எழுதியது இல்லை. அதனாலேயே அதற்கு அத்தனை பலம்.

கடிதங்களை முழுதாக மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அதில் மாமியாரைப் பற்றி நாலு வரி காரமாக இருந்தது. "அத விட்டுரலாமாம்மா?" என்று கேட்டார். ஓர் இடத்தில் வெட்டினால் வேறு எங்கே வெட்டினாய் என்ற கேள்வி வரும் என்று விளக்கினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அவங்களும் இப்ப இல்ல. இருக்கட்டும்" என்றார்.

இந்தச் சமயத்தில்தான் மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் இதற்கென்றே ஒவ்வொரு படைக்கும் பதிவுத் திருத்த வாரியம் இருக்கிறது. பிழையைக் கண்டுபிடித்த மூன்று ஆண்டுக்குள் மனுப்போட வேண்டும், நியாயத்தை முன்னிட்டு அந்தக் கெடுவைத் தளர்த்தவும் செய்யலாம். அங்கே இன்னொரு துயரம் உண்டு. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் பதிவேட்டுக் கட்டடம் தீப்பிடித்து, ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் போய்விட்டன. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விடைபெற்றவர்களின் கோப்புகளில் எண்பது விழுக்காடு சாம்பல். பிரிவின் தினசரி அறிக்கை, சம்பளப் பதிவு, உடன் இருந்தவரின் வாக்குமூலம் இவற்றைக் கோர்த்துத்தான் அந்த வீரர்கள் தங்கள் சேவையை மறுபடி நிறுவினார்கள். நாங்கள் கையில் வைத்திருந்ததும் அதே வகைச் சாட்சிகள்தான் என்று தெரிந்தபோது தைரியம் வந்தது.

பெயர்ச் சிக்கல் இருக்கவே செய்தது. ராணுவம் அவருடைய அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, அதிலும் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தது. ஐசியில் வேறு. அதற்கு என் வழக்கமான பத்திரம். ராணுவ எண் மட்டும் எல்லாத் தாளிலும் மாறாமல் இருந்தது, அதுதான் காப்பாற்றியது. லண்டனில் இருக்கும் அவருடைய தங்கை மகள் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், டபிள்யூஓ 305 என்ற வரிசையில் பிரிவுகளின் வரலாற்று அறிக்கைகளைப் பார்த்து, லபுவான் பிரிவு அந்த மாதங்களில் அங்கே இருந்ததைப் படியெடுத்து அனுப்பினார். தன் சேவைப் பதிவைத் தானே கேட்டால் கட்டணம் இல்லை என்பதால் அதையும் வரவழைத்தோம். எல்லாவற்றையும் கோர்த்து, இங்கிலாந்தில் குளோஸ்டரில் உள்ள பிரிட்டிஷ் ராணுவப் பதக்கப் பிரிவுக்கு அனுப்பினோம்.

காத்திருந்த காலத்தில் மகன் ஒருமுறை கேட்டார், இந்தச் சின்னப் பட்டைக்கா இவ்வளவு என்று. அவர் கேட்டதில் தப்பில்லை. சந்தையில் அதற்கு என்ன விலை வரும்? ஆனால் இந்தத் தீவில் அந்தத் தலைமுறை எத்தனை கொடிகளின் கீழ் வேலை செய்தது என்று எண்ணிப் பாருங்கள். பிரிட்டிஷ்காரர் போனதும் இவர்களைத் தங்கள் ஆள் என்று சொல்ல எந்தப் படையும் இல்லை. நம் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி, 1967-இல் தொடங்கியது, அதற்கு முன் போனவர்கள் அந்தக் கணக்கிலும் இல்லை. ஆவணத்தில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி அவர் கேட்டது முழு நியாயம் என்றே நான் நினைக்கிறேன். பிள்ளைகளிடம் சொன்னதை அரசாங்கத் தாளும் சொல்ல வேண்டும் என்று ஒரு மனிதர் விரும்பக்கூடாதா?

பதில் வந்தது. போர்னியோ சேவை ஏற்கப்பட்டது, பட்டை தனியே அனுப்பப்படும், பதிவிலும் சேர்க்கப்படும் என்று ஒரு பக்கக் கடிதம். பெரியவர் பட்டையைவிடக் கடிதத்தைத்தான் அதிகம் பார்த்தார். நான்கு பிரதி எடுத்துத் தரச் சொன்னார், பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று.

அதிலிருந்து அவர் ஆள் அனுப்ப ஆரம்பித்துவிட்டார். போன மாதம் ஓர் அம்மா வந்தார். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்த மலாயா அவசரகாலத்தில், 1950-களில், மலாயாக் காடுகளுக்குள் சரக்கு வண்டி ஓட்டியவரின் மனைவி. கணவர் பதக்கமே வாங்கவில்லையாம். நெருங்கிய உறவு என்ற முறையில் அந்த அம்மா கேட்கலாம். பழைய சேவைப் பதிவுகள் 2022 முதல் கியூவுக்கு மாற்றப்பட்டு வருவதால் எங்கே தேடுவது என்பதும் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. இதில் கஷ்டம், அவரிடம் ராணுவ எண் இல்லை. கல்யாணப் படம் ஒன்றில் கணவர் சீருடையில் நிற்கிறார், தொப்பிச் சின்னம் மங்கலாகத் தெரிகிறது. படத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்யக் கொடுத்திருக்கிறேன். பழைய சம்பளப் புத்தகமோ தடுப்பூசி அட்டையோ தம்பி வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அந்த அம்மா சொல்லிப் போயிருக்கிறார்.