கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி கல்லூரிச் சேர்க்கை: விண்ணப்பத்துக்குப் பின் கவனிக்க வேண்டியவை

கலிஃபோர்னியா மாநிலத்தின் 116 கம்யூனிட்டி கல்லூரிகளில் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகள்) எதில் சேர்வதற்கும் நுழைவுத் தேர்வு கிடையாது. எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண் கேட்பதில்லை. பள்ளிப் படிப்பை முடித்தவர்களும், முடிக்காவிட்டாலும் 18 வயது நிறைந்து கல்லூரிப் படிப்பால் பயன்பெறக்கூடியவர்களும் விண்ணப்பிக்கலாம். இந்த எளிமையைப் பார்த்துவிட்டு, விண்ணப்பம் அனுப்பியதோடு இடம் கிடைத்துவிட்டது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பி.காம். முடித்து, வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இங்கு வந்து, கணக்கியல் சான்றிதழ் படிப்பில் சேர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: உண்மையான நிபந்தனைகள் எல்லாம் விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக எதிரே வருகின்றன.

விண்ணப்பம் இணையத்தில் இலவசம். அதில் நம்மவர்கள் நிதானமாக நிரப்ப வேண்டிய இடம் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப் பெயராகவும், முதல் பெயர் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றும் அச்சாகிவிடும். பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலிலோ தந்தை பெயரின் இனிஷியல் மட்டும் இருக்கும். விசாவிலும் ஓட்டுநர் உரிமத்திலும் உள்ள வடிவத்தையே விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, முந்தைய பெயர் கேட்கும் இடத்தில் மற்ற வடிவத்தையும் குறிப்பிட்டால், பின்னர் ஆவணங்களைப் பொருத்திப் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் இருக்காது. போலி விண்ணப்பங்கள் பெருகிவிட்டதால் கல்லூரிகள் அடையாளச் சரிபார்ப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவதுண்டு. அதற்குப் பதில் போகாவிட்டால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

எல்லாவற்றிலும் கனமானது வசிப்பிடத் தகுதி. மாநிலத்தில் வசிப்பவர் என்று ஏற்கப்பட்டவருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாட அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்; ஏற்கப்படாதவருக்கு அதைவிடப் பல மடங்கு. வகுப்புகள் தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளை அளவாக வைத்து, அதற்கு முன் ஓராண்டுக்கும் மேலாக நீங்கள் இங்கு வசித்திருக்கிறீர்களா, இங்கேயே தங்கும் நோக்கம் உங்களுக்கு உண்டா என்று பார்ப்பார்கள். எச்-4 விசாவில் இருப்பவர்கள் இந்தத் தகுதியைப் பெற முடியும். எஃப்-1 எனும் மாணவர் விசா, பி வகைப் பயண விசா ஆகியவற்றில் இருப்பவர்களால் பொதுவாக முடியாது. எஃப்-1 மாணவர்களுக்குத் தனி விண்ணப்பம், நிதி ஆதாரம், மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம், செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட் என்று வழியே வேறு. எச்-4-க்கு ஐ-20 தேவையில்லை, ஒரே ஒரு பாடம்கூடப் படிக்கலாம்.

சேர்க்கை அலுவலகத்தில் என் ஆவணங்களை வாங்கிய பெண்மணி எத்தனை தாள்கள் இருக்கின்றன என்று எண்ணவில்லை. ஒவ்வொன்றிலும் தேதியையும் என் பெயரையும் மட்டுமே விரல் வைத்துத் தேடினார். நம் குடும்பங்கள் பெரும்பாலும் சிக்குவது இந்த இடத்தில்தான். வாடகை ஒப்பந்தம், மின் கட்டணம், வங்கிக் கணக்கு என எல்லாம் கணவர் பெயரில் இருந்தால், மனைவி ஐந்தாண்டுகள் இங்கு வாழ்ந்திருந்தாலும் காகிதத்தில் அதற்கு ஆதாரம் இருக்காது. ஆகவே படிக்கும் எண்ணம் இன்னும் உறுதியாகாவிட்டாலும், வந்து சேர்ந்த உடனே ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் சேருங்கள், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்குங்கள், கலிஃபோர்னியா ஓட்டுநர் உரிமம் எடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் ஐடிஐஎன் என்ற வரி செலுத்துவோர் எண்ணைப் பெற்று மாநில வருமான வரிப் படிவத்தைக் கணவருடன் சேர்ந்து தாக்கல் செய்யலாம். அது மிக வலுவான ஆதாரங்களில் ஒன்று.

அடுத்து, முன்தேவைப் பாடங்கள், அதாவது ஒரு வகுப்பில் சேரும் முன் முடித்திருக்க வேண்டிய பாடங்கள். நம் பட்டத்தில் அந்தப் பாடத்தைப் படித்திருந்தாலும் கல்லூரியின் கணினிக்கு அது தெரியாது; பதிவு செய்யும்போது தடுத்துவிடும். வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பான நேசஸில் உறுப்பினராக உள்ள ஒரு நிறுவனத்திடம் மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்க வேண்டும். ஊரிலிருந்து முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட் வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், விண்ணப்பத்துக்கு முன்பே இதைத் தொடங்குவது நல்லது. பாடத்திட்ட நகலும் கையில் இருந்தால் கவுன்சிலர் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. கணிதம், ஆங்கிலம் இரண்டுக்கும் தகுதித் தேர்வு எழுதச் சொல்வார்களோ என்று அஞ்ச வேண்டாம். 2017-இல் வந்த ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு பள்ளி மதிப்பெண்களைக் கொண்டே வகுப்பை முடிவு செய்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிப் பதிவு இல்லாதவர்கள், கல்லூரி தரும் வழிகாட்டிக் கேள்விகளுக்கு விடையளித்துத் தங்கள் நிலையைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம்.

புதிய மாணவர்கள் அறிமுக வகுப்பு, நிலை மதிப்பீடு, கவுன்சிலருடன் கல்வித் திட்டம் ஆகிய மூன்றையும் முடித்தால்தான் பதிவில் முன்னுரிமைத் தேதி கிடைக்கும். மாலை நேரக் கணக்கியல், உயிரியல் ஆய்வக வகுப்புகள் முதலில் நிரம்பிவிடுவதால், இந்தத் தேதி சில நாட்கள் பின்தங்கினாலே வெயிட்லிஸ்டில்தான் இடம். முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு முதல் வரிசை உண்டு. 2023 முதல் குழந்தைகளை வளர்க்கும் மாணவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டுள்ளது, ஆகவே தாய்மார்கள் தாங்கள் அதில் அடங்குவார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இடம் கிடைத்ததும் கட்டணத்தைக் கெடுவுக்குள் கட்டுங்கள், இல்லையேல் பல கல்லூரிகளில் பெயர் தானாகவே நீக்கப்படும். முதல் வகுப்புக்கு வராதவரையும் ஆசிரியர் நீக்கிவிட்டு வெயிட்லிஸ்டில் இருப்பவரை அழைக்கலாம் என்பதால், அந்த நாளில் எப்பாடுபட்டாவது போய்விடுங்கள்.

பள்ளியில் படிக்கும்போதே பிள்ளைகளை இங்கு ஓரிரு பாடங்களில் சேர்க்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோரும் பள்ளியும் ஒப்புதல் தந்தால் அது நல்ல வாய்ப்பு. ஆனால் கல்லூரிப் பாடத்தில் சேர்ந்துவிட்டால், 18 வயது ஆகாவிட்டாலும், அந்தப் பதிவுகள் மீதான உரிமை, மாணவர் பதிவுகளின் தனியுரிமை பற்றிய ஃபெர்பா சட்டப்படி மாணவருக்கே போகிறது. நீங்கள் தொலைபேசியில் கேட்டாலும் அலுவலகம் மதிப்பெண்ணைச் சொல்லாமல் இருக்கலாம். அங்கு வாங்கும் ‘எஃப்’ (தோல்வி) பின்னாளில் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் போய்ச் சேரும். ஆகவே, பதிவில் குறி விழாமல் பாடத்தை விட்டு விலகுவதற்கான கடைசித் தேதியைக் கல்லூரி நாட்காட்டியில் பார்த்து, பிள்ளையும் நீங்களும் சேர்ந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.