பையன்களை கிரவுண்டுக்கு அனுப்பாதீர்கள்

"பொம்பளைப் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்துங்க தம்பி. பயலுகளை கிரவுண்டுக்கு அனுப்பி வச்சிர்றேன்."

திண்டுக்கல் பக்கம் பாலியல் கல்வி வகுப்பு நடத்த எந்தப் பள்ளிக்கு அனுமதி கேட்டுப் போனாலும் தலைமையாசிரியர் முதலில் சொல்வது இதைத்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை. மாதவிடாய், ரத்தசோகை என்றால் அவர்களுக்குப் பழகிவிட்டது. 'புதுயுகம்' திட்டத்தில் அரசே நாப்கின் கொடுக்கிறது. பையன்களிடம் சொல்ல என்ன இருக்கிறது என்பதுதான் அவர்களுடைய சந்தேகம்.

எங்களுடையது சின்னக் குழு. டிகிரி முடித்தவர்கள், அரியர் வைத்திருப்பவர்கள், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர். அவரை எல்லோரும் நர்சம்மா என்போம். மாணவிகளிடம் அவர் பேசுவார், பையன்கள் என் பொறுப்பு. அவர்களை வகுப்பில் உட்கார வைக்கவே ஒவ்வொரு முறையும் ஒரு மல்லுக்கட்டு.

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம்' என்று பாடமே இருக்கிறது. மகரந்தச் சேர்க்கை வரை சார் பிரமாதமாக நடத்துவார். அதற்குப் பிறகு "மீதியை வீட்ல படிச்சுக்கங்கடா". நான் படித்தபோதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

பேசி முடித்ததும் துண்டுச் சீட்டு கொடுப்போம். பேர் எழுத வேண்டாம், எழுத ஒன்றும் இல்லாதவன் கோடாவது கிழித்து மடித்துப் போடவேண்டும். அப்போதுதான் யார் கேட்டது என்று யாருக்கும் தெரியாது. பிரித்துப் பார்த்தால் ஊர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. 'ராத்திரி தூக்கத்துல தானா வெளிய வருது, வியாதியா?' 'கைப்பழக்கம் இருந்தா பிள்ளை பிறக்காதா?' 'ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தமாமே, உண்மையா அண்ணே?'

இந்த நாற்பது சொட்டுக் கணக்குக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். போர்டில் படம் போட்டே சொல்வேன். விந்துக்கும் ரத்தத்துக்கும் அப்படி ஒரு கணக்கே கிடையாது. அதில் பெரும்பங்கு விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கிற திரவம். விந்தணு அதில் கொஞ்சம்தான். ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டு, இரண்டரை மாதம் ஆகும் என்றாலும் விரைகளில் அந்த வேலை ஒருநாளும் நிற்பதில்லை. தூக்கத்தில் வெளியேறுவது பருவம் வந்த உடம்பின் இயல்பு. சுய இன்பத்தால் நரம்பு தளராது, கண் குழி விழாது, பிள்ளை பிறப்பதும் தடைபடாது. இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சில் சிரிப்பு நின்றுவிடும். சிலர் பெருமூச்சே விடுவார்கள்.

ஏன் இதிலேயே நிற்கிறேன் என்றால், நாம் சொல்லாமல் விட்டதைச் சொல்ல ஆள் தயாராக இருக்கிறான். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரைப் பாருங்கள்: நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் வருகிறார். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த என் சித்தப்பா மகன் அப்படிப் போனவன்தான். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. 'இப்படியே விட்டால் கல்யாணத்துக்கு லாயக்கில்லை' என்று மிரட்டி, ஒரு மாதச் சம்பளத்துக்கு லேகியமும் சூரணமும் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டில் கேட்டபோது வண்டி ரிப்பேர் என்றான். ஜி.எச்.சில் வளரிளம் பருவத்தினருக்கென்று ஆலோசகர் இருப்பதோ, நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம் என்பதோ அவனுக்குத் தெரியாது. அதற்கெல்லாம் யார் போஸ்டர் ஒட்டுகிறார்கள்?

சட்டமும் அப்படித்தான். மில்லுக்குப் போகிற பத்தொன்பது வயதுப் பையனும் பிளஸ் டூ படிக்கிற பெண்ணும் விரும்பி ஊரைவிட்டுப் போனால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்கு அந்த விருப்பம் கணக்கே இல்லை. 18 வயதுக்குக் கீழ் இருப்பவரின் சம்மதம் செல்லாது. உறவு கொண்டது நிரூபணமானால் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை. அந்த வயது வரம்பை 16 ஆக்குவது பற்றி யோசிக்கலாம் என்று 2019-இல் சபரி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, சட்டம் மாறவில்லை. சொன்னால் பையன்கள் வாயைப் பிளக்கிறார்கள். கேஸ் ஆன பிறகு ஸ்டேஷனில்தான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆகும் வீடியோவும் இதே கதை. சிறார் ஆபாசப் படங்களை போனில் வைத்திருந்த ஓர் இளைஞர் மீதான வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. அதே தீர்ப்பில், பாலியல் கல்வி பற்றி நம் சமூகத்தில் இருக்கும் தவறான எண்ணங்களைப் பேசி, விரிவான பாலியல் கல்வி வேண்டும் என்றும் எழுதியது. செய்தியில் முதல் பாதிதான் ஓடியது.

நம் நாட்டில் பாலியல் கல்வி முன்னே போவதும் பின்னே வருவதுமாகத்தான் இருக்கிறது. 2005-இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. 2007-இல் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம் எனப் பல மாநிலங்கள் தடை போட்டன. 2009-இல் வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே கூடாது என்றது. அன்று அவர்கள் சொன்ன காரணத்தைத்தான் எங்கள் பக்கத்து அப்பாக்கள் இன்றும் கேட்கிறார்கள்: "சொல்லிக்குடுத்தா செஞ்சு பாக்கத் தோணாதா?" பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ, அப்படி ஆவதில்லை என்று 2018 வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. நான் அதைச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. நர்சம்மா வேறு மாதிரி கேட்பார்: "ஒங்க மகனுக்கு இதுவரைக்கும் யாருமே சொல்லிக்குடுக்கலேன்னா நெனைக்கிறீங்க?" அதற்கு மேல் பேச்சு வராது.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கப் பார்க்கிறோம்: எட்டாம் வகுப்பிலிருந்து, இருபாலருக்கும், வருடத்தில் ஒரு நாள் இல்லை, பருவத்துக்கு ஒருமுறையாவது. நிறைவேறுமா என்பது தலைவியாக இருக்கும் அக்காவைப் பொறுத்தது. அவருக்கு ரெண்டு பையன்கள், அதனால் கொஞ்சம் நம்பிக்கை.

எங்கள் குழுவில் பெண்கள்தான் அதிகம். பையன்களிடம் பேச ஆண்கள் வேண்டும். மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை, படிக்க வேண்டியதை நர்சம்மா உட்கார வைத்துச் சொல்லித் தருவார். சீட்டைப் பிரித்ததும் சிரித்துவிடுகிறவர்கள் மட்டும் வேண்டாம்.